சொல்லப்படாத சரணாகதி

ஆசிரியர் அவர்களுக்கு,

1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோ வானொலியில் ‘சரணடைவதாக அறிவித்தார்’ என்று தங்கள் கட்டுரை கூறுகிறது. விளைவு அதுதான்; ஆனால் அவ்வுரையில் சரணடைதல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஜப்பான் சரணடைய வேண்டுமெனக் கோரிய எதிரணி நாடுகளின் கூட்டறிக்கையை ஏற்பதாகத் தெரிவிக்க அரசுக்கு ஆணையிட்டதாகச் சொன்ன பேரரசர், ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்த பின்னரும், போர்நிலை ஜப்பானுக்குச் சாதகமாகத் திரும்பிவிட்டதாகச் சொல்வதற்கில்லை என்று பூசி மெழுகினார். போர் தொடுத்ததே ஜப்பானின் தற்காப்புக்கும் கிழக்காசியாவின் நிலைத்தன்மைக்கும்தான் என்ற நியாயமும் (படையெடுப்புக்கு ஆளான சீனர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!) அதிலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு, பழைய அரசவை நடை கேட்டவர் பலருக்குப் பிடிபடவில்லை. தொடர்ந்து அறிவிப்பாளர் அளித்த விளக்கத்திலிருந்தே அவர்கள் தோல்வியை அறிந்தனர்.

– வாசகர், திருச்சி