மேடைக்கு முன்னால் நாற்காலி வேண்டாம்: சென்னையில் திறந்தவெளி இசை நிகழ்ச்சி நடத்துவோருக்கும் அனுமதி தருவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களே, அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிடும் காவல்துறை, மாநகராட்சி அதிகாரிகளே,

வணக்கம். அண்மையில் நகரத்து மைதானம் ஒன்றில் நடந்த ராக் நிகழ்ச்சியில், மூன்றாவது பாட்டுக்கே இசையை நிறுத்திவிட்டு "எல்லாரும் உட்காருங்க, உட்கார்ந்தாதான் ஷோ நடக்கும்" என்று ஒலிபெருக்கியில் முதலில் கெஞ்சி, பிறகு மிரட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். எந்த நிகழ்ச்சி, யார் நடத்தியது என்று இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும். இந்த மடலை எழுதுகிற நாங்கள் மேடை, தடுப்பு, ஒலி, கூட்ட ஒழுங்கு என்று இதே மைதானங்களில் வேலை பார்க்கிறவர்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: மேடைக்கு முன்னால் நாற்காலி போடாதீர்கள். ஆட வருகிறவர்களுக்கு அளந்து கட்டிய இடம் கொடுங்கள்.

அந்த நாற்காலி என்ன செய்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். தியேட்டர் இருக்கை போலத் தரையில் பதிந்தது அல்ல அது. வாடகைக்கு எடுத்து, மாலை நான்கு மணிக்கு வரிசையாகப் பரப்பிவிட்டுப் போன பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றோடொன்று கட்டுவதும் இல்லை. குடும்பத்தோடு வந்தவர்கள் நாலைந்தை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். தாமதமாக வந்தவர் பின்னாலிருந்து இரண்டைத் தூக்கிவந்து நடைபாதையிலேயே போட்டுக்கொள்வார். ஆறடி நடைபாதை ஏழு மணிக்குள் ஒன்றரை அடியாகிவிடும். டிரம்ஸ் இறங்கியதும் முன்வரிசைப் பிள்ளைகள் எழுவார்கள். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும், அவர்களும் எழுவார்கள். பத்தாவது வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்மாவுக்கு எழுந்து நின்றாலும் ஒன்றும் தெரியாது. நாற்காலி மேல் ஏறுவார். பக்கத்து நாற்காலியில் கல்லூரிப் பையன் ஏறிக் குதிப்பான். மழை பெய்து ஓய்ந்த மண் என்றால் பின்னங்கால்கள் இரண்டு அங்குலம் புதையும், முன்னங்கால்கள் விரியும், உட்காரும் பகுதி நடுவில் பிளக்கும்.

விழுகிறவர் தனியாக விழமாட்டார். பிடிமானத்துக்கு முன்வரிசை நாற்காலியின் முதுகைப் பிடிப்பார். அதன் மேல் ஒருவர் நின்றிருந்தால் அவரும் கவிழ்வார். எழுந்திருக்கக் கை ஊன்றலாம் என்றால் எங்கு பார்த்தாலும் நாற்காலிக் கால்கள். வெறுந்தரையில் விழுந்தவரைச் சுற்றியிருக்கும் நாலு பேர் அக்குளில் கை கொடுத்து நொடியில் தூக்கிவிடுவார்கள். ராக் கூட்டத்தில் அது எழுதாத சட்டம். எவ்வளவு முரட்டு ஆட்டமானாலும் கீழே விழுந்தவரைத் தூக்கிவிட்டுத்தான் அடுத்த குதி. நாற்காலிகளுக்கு நடுவே விழுந்தவரைத் தூக்க, முதலில் நாற்காலிகளை அகற்ற வேண்டும். அகற்றி எங்கே வைப்பது? தலைக்கு மேலே பின்னுக்குக் கடத்துவார்கள். அன்று நாற்காலிகள் பறந்ததை ‘ரசிகர்கள் ரகளை’ என்றார்கள். அவற்றில் எத்தனை, விழுந்தவர்களை எடுப்பதற்காகப் பறந்தவை என்று யாரும் கேட்கவில்லை.

கணக்கும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. மேடைக்கு முன்னால் 40 மீட்டர் அகலம், 25 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர மீட்டர். ஒழுங்காக நடைபாதை விட்டு நாற்காலி போட்டால் சுமார் 1400 பேர் உட்காரலாம். அதே இடத்தில் சதுர மீட்டருக்கு இரண்டு பேர் வீதம் 2000 பேர் நின்று ஆடலாம். இரண்டு பேர் என்ற அளவில் குதிக்கலாம், சுற்றலாம், நண்பர்கள் வட்டம் போடலாம், மூச்சு வாங்கினால் விலகி வெளியே வரலாம். நான்கைத் தாண்டினால் நினைத்த பக்கம் திரும்ப முடியாது. ஐந்து, ஆறு என்று ஏறினால் தனி மனிதன் என்பவனே அங்கே இல்லை. கூட்டம் தண்ணீரைப் போல அலையடிக்கும், அலை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் எல்லோரும் போக வேண்டியதுதான். ஆகவே 2000 டிக்கெட் என்றால் 2000தான். கையில் வேறு நிறத்துப் பட்டை கட்டி, வாசலில் எண்ணி உள்ளே விட வேண்டும்.

"வி.ஐ.பி.க்களை எங்கே உட்கார வைப்பது?" என்று கேட்பீர்கள். ஒலியைக் கலந்து சரிசெய்யும் கன்சோலுக்குப் பின்னால், ஒரு மீட்டர் உயர மேடையில். உட்கார்ந்திருப்பவரின் கண் நாற்காலியில் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். மேடையோடு சேர்த்தால் 2.2 மீட்டர். முன்னால் எவ்வளவு பேர் நின்று ஆடினாலும் தலைக்கு மேலாகத் தெரியும். பாட்டி, குழந்தை, முட்டி வலிக்காரர் எல்லோருக்கும் அதுதான் சரியான இடம். ஒன்று மட்டும்: அந்த மேடையில் ஆட விடாதீர்கள். நிமிடத்துக்கு 120 தட்டுப் பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து குதித்தால் நொடிக்கு இரண்டு உதை. குறுக்குக் கம்பிகள் சரியாகக் கட்டாத சாரம் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கிவிடும்.

அடுத்தது தடுப்பு. சவுக்குக் கட்டையைக் கயிற்றால் கட்டியதும், சாலையில் வைக்கும் போலீஸ் பேரிகேடும் ராக் மேடைக்கு முன்னால் நிற்கத் தகுந்தவை அல்ல. பேரிகேடின் கால்கள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து தள்ளினால் மேல்பக்கம் சாயும், கால் தடுக்கி முன்வரிசை அதன் மேலேயே விழும். மேடைக்கென்றே செய்த அலுமினியத் தடுப்பு பக்கவாட்டில் ஆங்கில ‘ஏ’ எழுத்துப் போல நிற்கும். ரசிகர் பக்கம் தரையோடு ஒரு தகடு இருக்கும். முன்வரிசைக்காரர்கள் அந்தத் தகட்டின் மேல்தான் நிற்பார்கள். அவர்கள் எடையே தடுப்பைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். தடுப்புக்கும் மேடைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி வேண்டும், இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். அங்கே நிற்கிற ஊழியர் கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். பாடகரைப் பார்த்துக் கைப்பேசியில் படம் பிடிக்கிற பவுன்சர் அங்கே எதற்கு? மயங்கியவரைத் தடுப்புக்கு மேலாகத் தூக்கி, முனை வழியாக வெளியே கொண்டுபோவதுதான் அந்த இடைவெளியின் வேலை. கேபிளும் பூத்தொட்டியும் அடுக்குகிற இடம் அல்ல அது.

தடுப்பு தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டில் மட்டும் அல்ல, நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2011 அக்டோபர் 28 அன்று குருகிராமில் மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் குழு வாசிக்க இருந்தது. மேடைக்கு முன்னிருந்த தடுப்பு தாங்கவில்லை, நிகழ்ச்சி நின்றது, கோபத்தில் மேடையே சேதமானது. இரண்டு நாள் கழித்து அதே குழு பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்துவிட்டுப் போனது. 2024 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த இசை நிகழ்ச்சியில் காசு கொடுத்தவர்களுக்கு முன்னால் இருக்கை, மற்றவர்களுக்குத் தடுப்புக்குப் பின்னால் இடம் என்று பிரித்தார்கள். தடுப்பு உடைந்து நிகழ்ச்சி இடையில் நின்றது. ஆட வந்தவனைத் தூரத்தில் நிறுத்தி, உட்கார வந்தவரை முன்னால் வைத்தால் நடுவில் இருக்கும் கம்பி எத்தனை நேரம் நிற்கும்? டென்மார்க்கின் ராஸ்கில்டே இசை விழாவில் 2000 ஜூன் 30 அன்று மேடை முன்னே ஏற்பட்ட நெரிசலில் நசுங்கியதால் 9 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அவர்கள் ஆட்டத்தைத் தடை செய்யவில்லை. மேடை முன்னிடத்தைத் தடுப்புகளால் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, அளவோடு உள்ளே விட்டார்கள்.

பெண்கள் பாதுகாப்பு என்று நீங்கள் எப்போதும் சொல்கிறீர்கள். அதனால் அதையும் சொல்லிவிடுகிறோம். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சிக்குப் பிறகு நெரிசலில் சீண்டல் நடந்ததாகப் பெண்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள். சதுர மீட்டருக்கு இரண்டு பேர் இருக்கிற இடத்தில் ஒரு பெண் திரும்பிப் பார்க்கலாம், கத்தலாம், அறையலாம்; கூட வந்தவர்கள் சுற்றி நிற்கலாம். ஐந்து பேர் இருக்கிற இடத்தில் அது யார் கை என்று திரும்பிப் பார்க்கவே முடியாது. அந்த நெருக்கம் ஆடுகிற இடத்தின் நடுவில் வருவதைவிட வாசலிலும், நாற்காலிக்கும் தடுப்புக்கும் இடைப்பட்ட சந்திலும், கழிப்பறைக்குப் போகும் இருட்டு வழியிலும்தான் அதிகம் வருகிறது. ஆண், பெண் தனித்தனிக் கூண்டு என்ற யோசனை ஒவ்வொரு முறையும் கிளம்புகிறது. அண்ணனும் தங்கையும், கணவனும் மனைவியும், ஒரே வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடத்தான் வருகிறார்கள். தனியாக நிற்க விரும்பும் பெண்களுக்குத் தடுப்போரமாக ஒரு மூலை கொடுங்கள், அங்கே பெண் ஊழியர்களை நிறுத்துங்கள், போவதும் வருவதும் அவர்கள் விருப்பம். அந்தச் சந்துகளை அகலமாக்கி விளக்குப் போடுங்கள்.

வாசலுக்கும் கணக்கு உண்டு. சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம் என்பது பிரிட்டிஷ் விளையாட்டரங்க வழிகாட்டியில் உள்ள அளவு. 20,000 பேருக்கு மூன்று மீட்டர் கேட் ஒன்றே ஒன்று திறந்தால் எண்பது நிமிடம். பத்துத் திறந்தால் எட்டு நிமிடம். மீதி ஒன்பதையும் பூட்டிச் சாவியை யாரோ ஒருவர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவதுதான் நம் ஊர் வழக்கம். 2023 நவம்பர் 25 அன்று கொச்சிப் பல்கலைக்கழகத் திறந்தவெளி அரங்கில் 4 பேர் இறந்தபோது கச்சேரி தொடங்கவே இல்லை. மழைக்கு ஒதுங்க வாசல் படிகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். ஆடிச் சாகவில்லை, வாசலில் செத்தார்கள்.

ஜனம் ஏன் முன்னால் முண்டுகிறது? பின்னால் கேட்பதில்லை. 60 மீட்டர் தள்ளி இன்னொரு ஒலிக் கோபுரம் நட்டு, அதன் ஒலியைச் சுமார் 175 மில்லிநொடி தாமதப்படுத்தி விடுங்கள். மேடை ஒலியும் கோபுர ஒலியும் ஒன்றாகக் காதில் விழும். பக்கத்தில் ஒரு எல்.இ.டி. திரை. கடைசி வரிசைக்காரன் நின்ற இடத்திலேயே ஆடுவான். அந்தக் கோபுரத்தின் வாடகையை மிச்சம் பிடித்து, அதே காசில் பவுன்சர் வைப்பது என்ன சிக்கனமோ!

காவல்துறைக்கு ஒரு வேண்டுகோள். லத்தியை ஓங்கி "உட்காரு" என்பதற்கு முன் தலைகளைப் பாருங்கள். பாட்டின் தாளத்தோடு மேலும் கீழும் போகிற தலைகள் ஆடுகின்றன, விட்டுவிடுங்கள். தாளத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஐம்பது, நூறு தலைகள் ஒருசேர ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் வந்தால் அது நெரிசல். மேலே தூக்கிய கைகள் தட்டுகின்றனவா, இறக்க இடமில்லாமல் அப்படியே நிற்கின்றனவா என்றும் பாருங்கள். நெரிசல் என்றால் இசையை நிறுத்தி, மைதான விளக்கு முழுவதையும் போட்டு, பாடகர் வாயாலேயே "ரெண்டு அடி பின்னால போங்க" என்று சொல்ல வையுங்கள். அந்த நேரத்தில் கூட்டம் உங்கள் மைக்கைக் கேட்காது, அவர் குரலைக் கேட்கும். நிறுத்தும் அதிகாரம் ஒரே ஒருவருக்கு இருக்கட்டும், அவர் பெயர் நிகழ்ச்சிக்கு முன்பே எழுத்தில் இருக்கட்டும்.

முன்வரிசை சோபாவைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியவில்லை. பாஸில் வந்த பெருமக்கள் அதில் சாய்ந்து, முதல் பாட்டைப் படம் பிடித்து, நான்காவது பாட்டில் டிரைவருக்குப் போன் போட்டு, ஆறாவது பாட்டில் கிளம்பிவிடுகிறார்கள். மேடையிலிருந்து "சென்னை, கையைத் தூக்கு" என்றால் கை எழுவது சோபாவுக்கு அப்பால் அறுபது மீட்டரிலிருந்து. கிடாரிஸ்ட் அங்கே எட்டி எட்டிப் பார்த்து வாசிக்கிறார். சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி, வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பறிகொடுத்து, உள்ளே அதையே இரட்டை விலைக்கு வாங்கி, இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஆடவும் கூடாது என்று வசவு வாங்குகிறவர்கள்தான் அந்த நிகழ்ச்சியை நடத்திக்கொடுக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். அது தெரிந்தும் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து, ஏழு மணிக்குப் பாட்டைத் தொடங்கி, பாதிக் கூட்டத்தை வாசலுக்கு வெளியிலிருந்து உள்ளே ஓடவிடுகிறீர்கள். நான்கு மணிக்குத் திறந்தால் என்ன குறைந்துவிடும்? பார்க்கிங் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு மடல் வேண்டும்.

கோபம் வார்த்தையில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே மறுபடி கேட்கிறோம். மேடைக்கு முன்னால் நாற்காலி வேண்டாம். அனுமதி விண்ணப்பத்தோடு அளவுபோட்ட வரைபடம் ஒன்றை வாங்குங்கள். நிற்கும் இடத்தின் சதுர மீட்டரும், அதற்கு விற்ற டிக்கெட் எண்ணிக்கையும், ஒவ்வொரு கேட்டின் அகலமும் அதில் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். ஏற்பாட்டாளர்கள் அந்த வரைபடத்தைப் பத்து நாள் முன்னதாக எங்களில் யாரிடம் கொடுத்தாலும் சரிபார்த்துத் தருகிறோம். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட டேப்போடு நேரிலும் வருகிறோம். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
மேடையும் தடுப்பும் கட்டுகிறவர்கள், ஒலிப் பொறியாளர்கள், கூட்ட ஒழுங்கு ஊழியர்கள் சிலர்