கோர்க்க மணி உண்டு, கூடி உட்கார இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவராத்திரியை ஒட்டித் தங்கள் நாளிதழில் வெளியான கொலு பொம்மைக் கைவினைஞர்கள் பற்றிய கட்டுரையில் களிமண், காகிதக்கூழ், மரப்பாச்சி ஆகிய மூன்றும் இடம்பெற்றிருந்தன. துணியில் உருவம் தைத்துப் பஞ்சடைத்து, அதன்மேல் சிறு கண்ணாடி மணிகளைத் தைத்து அலங்கார பொம்மைகள் செய்பவள் என்ற முறையில், விடுபட்டுப்போன இந்த வேலையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

இதை வெளிநாட்டுப் பொழுதுபோக்கு என்று எண்ணுபவர்கள் பலர். தங்கூஸ் எனப்படும் நைலான் நரம்பில் மணி கோர்த்துக் கிளியும் அன்னமும் பின்னிக் கொலுப்படியில் வைத்த பாட்டிமாரை அவர்கள் மறந்துவிட்டார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து நறுக்கி மணி செய்தார்கள். அவ்வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை கிடைத்திருக்கின்றன.

கற்பனைக்கான ஊற்றுக்கண்ணும் சென்னையிலேயே இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் செப்புத் திருமேனியின் முன் நின்று, சிவனின் பாதியில் ஆடை தொடையோடு நின்றுவிட, அம்மையின் பாதியில் அது கணுக்கால் வரை இறங்குவதைக் கவனித்தால், ஒரே உடலில் மணியை எங்கே நெருக்கமாகவும் எங்கே இடைவெளி விட்டும் தைக்கலாம் என்பது தானாகப் புலப்படும்.

கைப்பக்குவம் மட்டும் அப்படிப் பார்த்த மாத்திரத்தில் வந்துவிடுவதில்லை. நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் 11ஆம் எண் மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவுடையது; முகத்துக்கு அதைவிடச் சிறிய 15ஆம் எண் மணி வேண்டும். நேர்வரிசையாகத் தைத்துக்கொண்டே போனால் கன்னம் வளையும் இடத்தில் மணிகள் விலகித் துணி தெரியும் என்பதால், கண்ணில் தொடங்கி வட்டம் வட்டமாக வெளியே வர வேண்டும். இதைக் காணொளி சொல்லிவிடும். நூலை எந்த அளவுக்கு இறுக்குவது என்பதைச் சொல்லாது. எனக்கு அதைக் காட்டித் தந்தவர், ரவிக்கைகளுக்குக் கொக்கி ஊசியால் ஆரி எனும் பூவேலை செய்யும் ஒரு பெண்மணி.

அரசின் உதவி அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் பொம்மை செய்தல் உள்ளிட்ட 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) தரச் சான்று கட்டாயமாக்கப்பட்டபோதும், மத்திய கைவினைப் பொருள் ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே பதிவு என்பது எங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் நான் விசாரிக்கச் சென்ற அலுவலகம் ஒன்றில், இது பொம்மையா, எம்பிராய்டரியா என்று கேட்டுவிட்டுப் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். இரண்டும்தான் என்ற பதிலுக்கு அதில் கட்டம் இல்லை போலும்!

கடனைவிட எங்களுக்கு இப்போது தேவைப்படுவது துணை. அவரவர் வீட்டு மூலையில் தனித்தனியே தைத்துக்கொண்டிருக்கும் எங்களைப் போன்றவர்கள் மாதம் ஒரு பிற்பகலாவது சேர்ந்து உட்கார, மாநகராட்சியின் சமுதாயக் கூடங்களிலோ மாவட்ட நூலகங்களிலோ பகல் வெளிச்சம் விழும் ஓர் அறையை ஒதுக்கினால் போதும். அண்ணா சாலையில் உள்ள, தமிழக அரசின் கைவினைப் பொருள் அங்காடியான பூம்புகார் விற்பனை நிலையம் ஆண்டுதோறும் நடத்தும் கொலு கண்காட்சியில் மணி பொம்மைகளுக்கு ஒரு படி தரலாம். அதன் அருகிலேயே ஒருவர் அமர்ந்து தைத்துக் காட்டினால், விலை ஏன் இவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த மாதாந்தரக் கூடுகைக்கு ஆரி வேலை செய்பவர்களையும், பாசிமணி கோர்த்து விற்கும் நரிக்குறவர் சமூகப் பெண்களையும் கற்றுத்தரும் ஆசிரியர்களாக, உரிய ஊதியத்துடன் அழைக்குமாறு கைவினைத் துறை அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை.