ஏழு பெட்டிகளும் வந்து சேர்ந்தன

இராயபுரம்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாப்பா,

பெட்டிகள் ஏழும் வந்து சேர்ந்தன. ஆறில் புத்தகம். ஏழாவது இலேசாக இருக்கிறது, பிரிக்கவில்லை. "இடமில்லை அப்பா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாய். புனேயில் மூன்று அறை வீடு. சரி, இடமில்லை என்றால் இல்லைதான். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

காசிமேட்டுக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். சுவரோடு ஒட்டி வைத்தால் பூஞ்சணம் பூத்துவிடும் என்று பலகை போட்டு, நாலு விரல் தள்ளி அடுக்கியிருக்கிறேன். ஒரு புத்தகத்தின் முதுகில் செலோடேப் ஒட்டியிருக்கிறாயே, பைண்டர் மகள் செய்கிற வேலையா அது? அந்தப் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். மைதா காய்ச்சத் தெரியாதா உனக்கு? கட்டி தட்டாமல் கிளற வேண்டும், அவ்வளவுதான். செலோடேப் மட்டும் வேண்டாம்.

அச்சுத் தொழிலைப் பற்றி மாக்சன் எழுதிய புத்தகத்தை மூன்று நாளாகப் புரட்டுகிறேன். ஆங்கிலம் எனக்குப் பாதிதான், படங்கள் போதும். லண்டனில் 1683-இல் அவர் வரைந்து வைத்த, அச்செழுத்துகளைப் போட்டு வைக்கும் கேஸும் அவற்றை வரியாகக் கோக்கும் கம்போசிங் ஸ்டிக்கும்தான் தங்கசாலையில் எங்கள் காலத்திலும் இருந்தன. உன்னுடையது 1958-இல் ஆக்ஸ்ஃபோர்டு போட்ட மறுபதிப்பு. இருக்கட்டும், அசல் வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டும்.

ஏழாம் வகுப்புப் பேச்சுப் போட்டி நினைவிருக்கிறதா? 1761-இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்த அச்சு இயந்திரத்தைத் தூக்கி வந்ததையும், அது வேப்பேரியில் ஜெர்மன் பாதிரியார் ஃபப்ரீசியஸ் கைக்குப் போய்த் தமிழ் அச்சடித்ததையும் மூச்சு விடாமல் சொன்னாய். அப்போதெல்லாம் நிறையப் பேசுவாய்.

நீ வாங்கியவற்றில் பலவற்றுக்கு ஓரம் வெட்டுப்படவில்லை. அதற்காகவே தேடி வாங்கினாய் என்று தெரிகிறது. பாப்பா, தாத்தாவின் நிகண்டில் ஓரத்து எழுத்தைச் செல் (கறையான்) அரித்தது என்று உன்னிடம் சொன்னேன். செல் அரிக்கவில்லை. நான்தான் வெட்டினேன். கடையில் நோட்டுப் புத்தகக் கட்டுகள் கட்டிங்குக்குக் குவிந்து கிடந்தன. அவற்றோடு அதையும் மிஷினில் கொடுத்துவிட்டேன். ஓரம் நேராக வர வேண்டும், அது மட்டும்தான் கண்ணில் இருந்தது. தாத்தா பென்சிலால் எழுதிய பொருளெல்லாம் கீற்றுக் கீற்றாகக் கீழே விழுந்தது. குனிந்து பொறுக்கக்கூட இல்லை. பழைய காகிதக்காரன் மூட்டையில் போனது. நீ அழுதாய்; நான் செல்லைத் திட்டினேன். இப்படிப்பட்டவன், நீ ஒன்றும் சொல்வதில்லை என்று உன் அம்மாவிடம் குறைபட்டுக்கொள்கிறேன்.

மைதா வாங்கி வைத்திருக்கிறேன். அந்த முதுகை நீ வந்தே ஒட்டு. திரும்புகிற டிக்கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா