கணையமும் கதிர்வீச்சும்

ஆசிரியருக்கு,

கணையப் புற்றுக்குக் கதிர்வீச்சு வீண் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. 2016இல் வெளியான எல்ஏபி07 என்ற மருத்துவ ஆய்வில், அறுவைக்கு எட்டாத கட்டிகளுக்கு 54 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தும் ஆயுள் கூடவில்லை. ஆனால் கட்டி அதே இடத்தில் வளர்வது குறைந்தது. கதிரின் அளவை ஏற்றலாமே என்றால், கணையத் தலையைச் சுற்றி முன்சிறுகுடல் வளைந்து கிடக்கிறது. அளவு மீறினால் அங்கே புண், ரத்தக்கசிவு, சில சமயம் ஓட்டையே விழும். போதாக்குறைக்கு, மூச்சோடு மூச்சாகக் கட்டியும் மேலும் கீழும் நகரும். அதனால்தான் கட்டிக்குள் அரிசிமணி போன்ற தங்கக் குறிகளைப் பதித்து, மூச்சை அடக்கச் சொல்லி, 5 தவணைகளில் குறிபார்த்துக் கொடுக்கும் முறை வந்தது. சிகிச்சைக்கு முன் வெறும் வயிற்றோடு வரச் சொல்வதைப் பலர் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். இரைப்பை நிரம்பியிருந்தால் குடல் நகர்ந்து கதிரின் பாதைக்குள் வந்துவிடும்.

- கதிர்வீச்சுச் சிகிச்சை இயற்பியலாளர் ஒருவர்