ஏ-68ஏ பனிப்பாறையும் நீ கேட்ட கேள்வியும்

அன்புள்ள செல்வம்,

உன் மெயிலுக்கு பதில் போட லேட்டாயிடுச்சு, ஆடிட் முடியுற வரைக்கும் ஆபீஸ்ல தலை நிமிர முடியல. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு எழுதியிருந்த, ரொம்ப நிம்மதி. இங்க எல்லாரும் சௌக்கியம்.

அண்டார்டிகாலேந்து பிரிஞ்சு மிதந்த ஏ-23ஏ பனிப்பாறை பாதியாயிடுச்சுன்னு நியூஸ்ல போட்டோ போட்டாங்களே, அப்போ பாதி ஐஸ் கரைஞ்சிருச்சான்னு கேட்டிருந்தல்ல? இல்லடா. போட்டோல தெரியுறது மேல் பரப்பு மட்டும்தான். உடைஞ்சு பிரிஞ்ச துண்டு எல்லாம் உடனே கரையாது, தனியா மிதந்துட்டு இருக்கும். இன்னொரு பக்கம், பரப்பு கொஞ்சமும் குறையாம அடியில மட்டும் கரைஞ்சுட்டே போகலாம், அது எந்த போட்டோலயும் தெரியாது. நான் இதுல விழுந்து கெடக்குறதே அந்த அடிப்பக்கத்துக்காகத்தான்.

ஏ-68ஏ-ன்னு இன்னொரு பனிப்பாறை கதைய எடுத்துக்கோ. 2017 ஜூலைல அண்டார்டிகாவோட லார்சன் சி பனித்தட்டுலேந்து (கரையோட ஒட்டி கடல்ல மிதக்குற ஐஸ்) பிரிஞ்சப்போ 5,800 சதுர கிலோமீட்டர் கிட்ட இருந்துச்சு, தடிமன் சராசரியா 235 மீட்டர். வெட்டல் கடல் குளிர்ல இருந்த வரைக்கும் பெருசா ஒண்ணும் கரையல, வடக்க ஸ்கோஷியா கடலுக்கு வந்தப்புறம்தான் வேகமா மெலிய ஆரம்பிச்சுது, கடைசியா அளந்தப்போ 168 மீட்டர். இத யாரும் கிட்டப் போய் டேப் வச்சு அளக்கல, ஆராய்ச்சிக்காரங்க கிரையோசாட்-2 சாட்டிலைட்டோட ரேடார்லயும் ஐஸ்சாட்-2 சாட்டிலைட்டோட லேசர்லயும் கடலுக்கு மேல எவ்ளோ உயரம் நிக்குதுன்னு பார்த்து, அதுலேந்து கீழ எவ்ளோ இருக்கும்னு கணக்கு போட்டாங்க. வெளிய தெரியுறது 30 மீட்டர் வாக்குலதான், அதனால மேல 1 மீட்டர் தப்பா அளந்தா மொத்த தடிமன்ல 8, 9 மீட்டர் தப்பாயிடும், அதுக்கு மேல புதுசா விழுற பனி வேற உயரத்தக் கூட்டிக் காட்டும்.

இதவிட கஷ்டம் ஒண்ணு இருக்கு. சாட்டிலைட் தன் பாதைக்குக் கீழ கோடு கோடாத்தான் உயரத்த அளக்கும், பாறையோ ஒரு இடத்துல நிக்காது, நகரும், சுத்தும், இன்னிக்கு வடக்க பார்த்த முனை அடுத்த மாசம் கிழக்க பார்த்து நிக்கும். மொதல்லயே எல்லா இடத்துலயும் ஒரே தடிமனும் இல்ல. அதனால அந்தந்த நாளுக்குப் பக்கத்துல எடுத்த சாட்டிலைட் படத்துல பாறையோட ஓரத்த வரைஞ்சு, உயரம் அளந்த கோட்ட அதுக்கு மேல வச்சு, அப்புறம் பாறைய பழைய நிலைக்குத் திருப்பி, பிரிஞ்சப்போ இதே இடத்துல எவ்ளோ தடிமன் இருந்துச்சோ அதோட ஒப்பிடணும். படம் எடுக்குற சென்டினல்-1 சாட்டிலைட்டோட ரேடார் மேகத்தையும் குளிர்கால இருட்டையும் தாண்டி பார்க்கும்னாலும், காத்துல கடல் கொந்தளிச்சா தண்ணியும் பளிச்சுன்னு தெரியும், கோடையில ஐஸோட மேல்பரப்பு நனைஞ்சா அது கறுப்பாயிடும், ஓரம் எதுன்னே தெரியாது. அதையெல்லாம் உக்காந்து ஒவ்வொண்ணா பார்த்து வரைஞ்சவங்க பொறுமைய நெனச்சா எனக்கு கைகூப்பத் தோணுது.

தடிமன் தெரிஞ்சே ஆகணும்னு தவிச்சதுக்கு காரணம் இருந்துச்சு. 2020 கடைசில அது தெற்கு அட்லாண்டிக்ல இருக்குற சவுத் ஜார்ஜியா தீவ நோக்கி போச்சு. தடிமன் அதிகமா இருந்தா ஆழம் கம்மியான இடத்துல தரை தட்டி உக்காந்துக்கும், குஞ்சுக்கு இரை தேடிப் போற பெங்குவின், சீல் எல்லாம் சுத்திட்டு போக வேண்டி வரும். நல்ல வேளை, தீவுக்கு வெளிய கடலடித்தட்டு ஓரத்துல உரசின மாதிரி திரும்பி, டிசம்பர் நடுவுல மூலை உடைஞ்சு, அடுத்த சில நாள்ல இன்னும் ரெண்டு துண்டு போச்சு, 2021 ஏப்ரல்ல பின்தொடர ஒண்ணும் மிஞ்சல. ஆனா தீவைச் சுத்தி மூணே மாசத்துல 15,200 கோடி டன் நன்னீர கடல்ல விட்டுட்டு போயிருக்கு, உப்புத்தண்ணிக்குப் பழகின உயிர்களுக்கு அது சின்ன விஷயமில்ல. மூன்றரை வருஷத்துல மொத்தமா இழந்தது 80,200 கோடி டன். பெரும்பகுதி உடைஞ்சு போனது, அடியில கரைஞ்சது ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு. போட்டோவ மட்டும் நம்பியிருந்தா இந்த மூணுல ஒரு பங்கு கணக்குலயே வந்திருக்காதுடா.

நாசா வேர்ல்ட்வியூ சைட்ல படம் எல்லாம் ஃப்ரீயா இருக்கு, 2020 டிசம்பர் போட்டு சவுத் ஜார்ஜியா பக்கம் ஜூம் பண்ணி பாரு, மேகம் இல்லாத நாளா தேடணும். உன் பொண்ணுக்கும் காட்டு, அவளுக்கு மேப்னா புடிக்கும்ல. பொங்கலுக்கு ஊருக்கு வர்றியான்னு சீக்கிரம் சொல்லு, நானும் டிக்கெட் போடணும்.

உன்
ரவி