பதினோராவது கண்ணி

மதுரை,
ஐப்பசி, விடாத மழை நாள்

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. சோம்பல் என்று நினைத்துக்கொள்ளாதே. கையில் ஒரு புத்தகம் பாதியில் இருந்தது, அதை முடிக்காமல் பேனாவைத் தொடுவதில்லை என்று வீம்பாக இருந்துவிட்டேன். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு. மருமகள் சொல்கிறாள் என்பதற்காகவே தட்டாதே.

இங்கே தீபாவளிக் கூட்டம். விளக்குத்தூண் பக்கம் ஒரு துண்டு வாங்கப் போனவன், துண்டு வாங்காமலேயே கீழமாசி வீதி வரைக்கும் தள்ளிக்கொண்டு போகப்பட்டேன். புது மண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகும், பழக்கத்தில் கால் மண்டபத்துக்குத்தான் போகிறது. தூணையும் சிலையையும் இப்போது முழுசாகப் பார்க்க முடிகிறது. அழகுதான். ஆனாலும் தையல் மெஷின் சத்தமும் பாத்திரக் கடையும் பழைய பாடப்புத்தகக் குவியலும் இல்லாத மண்டபம் நமக்கு வேறு ஊர் மாதிரி இருக்கிறது.

'எதைப் படிப்பது, எதை எடுத்தாலும் பத்துப் பக்கத்தில் தூக்கம் வருகிறது' என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த நீளக் கடிதம்.

தை மாதம் மகள் வந்திருந்தாள். அவள் ஆபீஸில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பந்தயம் வைத்திருக்கிறார்களாம். வருஷத்துக்குப் பன்னிரண்டு புத்தகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அடுத்ததற்கும் ஏதாவது ஒன்று பொதுவாக இருக்க வேண்டும். ஊராக இருக்கலாம், தொழிலாக இருக்கலாம், தலைப்பில் ஒரு சொல்லாகவும் இருக்கலாம். ஒரே எழுத்தாளர் இரண்டு தடவை வரக் கூடாது. ஒரு தடவை பிடித்த பிடியை மறுபடி பிடிக்கக் கூடாது. 'நீங்களும் சேருங்கப்பா, ரிட்டயர் ஆகி மோட்டுவளையைத்தானே பார்க்கிறீங்க' என்றாள்.

'இது என்ன புதுசு, நம்ம அந்தாதிதானே' என்றேன். உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் அம்மா அபிராமி அந்தாதி சொல்வாள், நீ திண்ணையில் சுண்டலுக்காகக் காத்திருப்பாய். நூறு பாட்டையும் புத்தகம் பார்க்காமல் சொல்வாள். நடுவில் தடுக்கினால் போன பாட்டின் கடைசிச் சொல்லை இரண்டு தரம் முணுமுணுப்பாள், அடுத்த பாட்டு தானாக வந்து நிற்கும். 'உதிக்கின்ற' என்று தொடங்கியது நூறாவது பாட்டில் திரும்ப அந்த உதிப்பிலேயே வந்து முடியும். மண்டலித்தல் என்று நம் தமிழ் ஐயா கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாரே, அதுதான். அதனால் நானும் ஒரு விதி சேர்த்தேன்: பன்னிரண்டாவது புத்தகம் முதல் புத்தகத்தில் வந்து முட்ட வேண்டும். மகள் 'ஓவர்' என்றாள். சரி, ஓவராகவே இருக்கட்டும்.

பொங்கல் வாரம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் டிவியில் மாடு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு வேறு எதில் தொடங்குவது? சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. ஒரே பகலில் நடந்து முடிகிற கதை, நானும் ஒரே பகலில் முடித்தேன். செல்லப்பா வத்தலக்குண்டுக்காரர். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் போய்ச் சேருகிற அந்தச் சின்ன ஊர்தான் ராஜமய்யருக்கும் ஊர். ஆக இரண்டாவது 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893-ல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வரத் தொடங்கியபோது மனிதருக்கு இருபத்தோரு வயது. இருபத்தாறு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வயதில் நீயும் நானும் தங்கம் தியேட்டரில் டிக்கெட் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். பழைய புத்தகக் கடை ஒன்றில் நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். கடை பெயர் வேண்டாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் நடுவில் ஒரு பாரம், பதினாறு பக்கம், சுத்தமாக இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், 'நாற்பது ரூபாய்க்கு இவ்வளவு பக்கம் வந்ததே பெருசு சார்' என்கிறான். காணாமல் போன பக்கங்களை நூலகத்துக்குப் போய் நின்றபடியே படித்துவிட்டு வந்தேன்.

மூன்றாவதில்தான் தப்புச் செய்தேன். தலைப்பில் 'சரித்திரம்' இருக்கிறதே என்று வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எடுத்தேன். 1879-ல் அச்சான, தமிழின் முதல் நாவல். புத்தகத்தில் குறையில்லை, உபதேசம் வரும் இடங்களில் மட்டும் பக்கம் கொஞ்சம் வேகமாகப் புரண்டது. குறை என் பிடியில்தான். அட்டையை மட்டும் பார்த்துப் போட்ட முடிச்சு. மகளிடம் போனில் சொன்னபோது, 'இது பெயர்ப் பொருத்தம் பார்த்து மட்டும் கல்யாணம் பண்ற மாதிரி இருக்குப்பா' என்றாள்.

நாலாவதற்கு வழி தெரியாமல் ஒரு வாரம் சும்மா இருந்தேன். அப்புறம் நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்தார்களே, கலைஞர் நூற்றாண்டு நூலகம், அங்கே ஒரு மத்தியானம் ஏ.சி.க்காகவே போய் உட்கார்ந்தேன். எதேச்சையாக எடுத்தது உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. அதே சொல்லைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்பதால் சும்மா புரட்டிக்கொண்டுதான் இருந்தேன். மாயூரம் அத்தியாயங்கள் வந்தன. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பையன் பாடம் கேட்கப் போகிறான். அங்கே ஊர் முன்சீப் ஒருவர் வருகிறார். யாரென்று பார்த்தால் நம் வேதநாயகம் பிள்ளை! போன வாரம் அட்டையில் பெயராக மட்டும் இருந்த மனிதர், அடுத்த புத்தகத்தில் ஆளாக நடந்து வந்து நிற்கிறார். மகாவித்வானுக்கு நெருங்கிய சிநேகிதர். அவர் மேல் 'குளத்தூர்க் கோவை' என்று ஒரு கோவையே பாடியிருக்கிறார் மகாவித்வான். நூலகத்தில் நான் 'அட!' என்று சத்தமாகச் சொல்ல, எதிரே போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து முறைத்தாள்.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. முடிச்சை நாம் போடுவது ஒரு வகை, புத்தகத்துக்குள்ளே ஏற்கெனவே கிடப்பதைக் கண்டெடுப்பது ஒரு வகை. அந்தாதியிலும் கடைசிச் சொல் வரைக்கும் போனால்தானே அடுத்த பாட்டு? அதற்குப் பிறகு அட்டையையும் பின்னட்டையையும் பார்த்து முடிவு செய்வதை விட்டுவிட்டேன்.

'என் சரித்திரம்' எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. 'ஆனந்த விகடன்' தொடர், 122 அத்தியாயம். 1942-ல் ஐயர் காலமானதால் வாழ்க்கை பாதியில் நின்றுவிடுகிறது, கடைசிச் சொல் இல்லாத அந்தாதி. அதனால் நடுவிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்தேன். ஐயர் 1880-ல் கும்பகோணம் காலேஜில் வேலைக்குச் சேர்கிறார். சேலம் இராமசாமி முதலியார் அங்கே வைத்துத்தான், அந்தாதி, கோவை என்று இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்டு அவரைச் சீவக சிந்தாமணிப் பக்கம் திருப்பிவிடுகிறார். கும்பகோணம் என்றதும் 'மோகமுள்' என்பாய். இரண்டு தடவை படித்தாயிற்று, ஏமாற்று வேலை ஆகிவிடும். எம்.வி. வெங்கட்ராமின் 'வேள்வித்தீ'யை எடுத்தேன். கும்பகோணத்துச் சௌராஷ்டிரப் பட்டு நெசவாளர்களின் கதை. பந்தடித் தெருவில் வளர்ந்துவிட்டு, சுங்குடிச் சேலை முடிச்சு அவிழ்ப்பதை நூறு தடவை வேடிக்கை பார்த்துவிட்டு, இதை அறுபது வயது வரைக்கும் படிக்காமல் இருந்தது வெட்கக்கேடு. பக்கத்து வீட்டு அண்ணாவிடம் கொடுத்திருக்கிறேன். அவர் வீட்டில் அந்தப் பாஷையில்தான் சண்டையே நடக்கும் என்பது உனக்குத் தெரியும்.

வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி. அந்தப் பிடியில் கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்'. வடக்கேயிருந்து உயிர் பிழைத்துத் தெற்கே ஓடிவந்த தெலுங்கு பேசும் குடும்பங்கள். இதில் ஒரு பாவம் செய்தேன், உன்னிடம் சொல்லிவிடுகிறேன். அடுத்த புத்தகத்துக்கு என்ன பிடி கிடைக்கும் என்று தேடிக்கொண்டே படித்தேன். சீட்டாட்டத்தில் எதிராளியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்டம் ரசிக்குமா? மங்கத்தாயாரு அம்மாள் சொல்கிற அந்த ஓட்டக் கதையில் கூட, 'இதில் காடு வருகிறது, ஆறு வருகிறது' என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் எனக்கே அசிங்கமாக இருந்தது. பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தேன். பந்தயத்தின் ஆபத்து இதுதான், பங்காளி. வாசல் எங்கே என்று பார்த்துக்கொண்டே விருந்து சாப்பிடக் கூடாது. இப்போது ஒரு புத்தகம் முடிந்தால் இரண்டு நாள் எதையும் தொடுவதில்லை. மூன்றாம் நாள் எது மனசில் மிச்சம் இருக்கிறதோ, அதுதான் பிடி.

கி.ரா.விலிருந்து கரிசல் மண் வழியாகப் பூமணியின் 'வெக்கை'. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு அப்பாவோடு ஒளிந்து அலைகிற பையன். மூன்றாம் நாள் எனக்கு மிச்சமிருந்தது ரத்தம் இல்லை, அப்பாவும் மகனும் காட்டில் சோறு பொங்கித் தின்பதுதான். ஆனால் சோற்றை வைத்து அடுத்த புத்தகம் அகப்படவில்லை. கொஞ்ச நாளுக்குள் கதை முடிந்துவிடுகிறதே, அந்தப் பிடியில் போனேன். ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' இன்னும் சுருக்கம், கந்தனின் ஒரே நாள். காலேஜில் இதை நாம் அட்டைக்கு மேல் செய்தித்தாள் சுற்றிப் படித்தோம். அப்போது தேடியது வேறு, இப்போது கண்ணில் பட்டது வேறு. கணக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர் இல்லையா, வாக்கியத்தில் ஒரு சொல் மிச்சம் கிடையாது.

அதிலிருந்து ஒன்பதாவதுக்குப் போனதுதான் இந்த வருஷத்தின் பெருமை. நாகராஜன் எழுதிய நாவல் மொத்தம் இரண்டு. இரண்டே நாவலோடு நிறுத்திய இன்னொருவர் யார்? ப. சிங்காரம்! இரண்டு பேரும் ஒரே காலத்தில் இதே ஊரில் இருந்தவர்கள். சிங்காரம் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து 1946-ல் திரும்பி வந்து, இங்கே 'தினத்தந்தி'யில் வேலை பார்த்து, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனிக்கட்டையாகக் கிடந்தவர். நாம் பள்ளிக்கூடம் போன வருஷங்களில் இரண்டு பேருமே இந்த வீதிகளில்தான் நடந்துகொண்டிருந்தார்கள். எந்த டீக்கடையிலாவது நம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்களோ என்று ராத்திரி வெகுநேரம் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். 'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியன் எங்கோ கடல் தாண்டி இருந்துகொண்டு மதுரை வீதிகளை நினைக்கிற இடங்களை, பால்கனியில் நின்று மாசி வீதியைப் பார்த்தபடி வாசித்தேன். நீ பெங்களூரில் உட்கார்ந்து படித்தால் இன்னும் சரியாக இருக்கும்.

பத்தாவது, இதோ போன வாரம் முடித்தது. 'புயலிலே ஒரு தோணி' நடக்கிற அதே ஜப்பான்காரன் ஆட்சிக் காலம் என்ற பிடியில், மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. 1942, 43-ல் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் தண்டவாளம். அதைப் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் கதை. இதைப் பற்றி அதிகம் எழுத வரவில்லை. படித்து முடித்த மறுநாள் கூடல்நகர்ப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி போனதை நின்று பார்த்தேன், அவ்வளவுதான்.

இப்போது சிக்கலைச் சொல்கிறேன். பன்னிரண்டாவது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ந. பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து' கவிதைத் தொகுப்பு, 1962, எழுத்து பிரசுரம். முதல் புத்தகத்தை எழுதிய செல்லப்பாதான் அதைப் பதிப்பித்தவர். புத்தகத்தை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு காலேஜ் காலேஜாகப் போய் விற்ற மனிதர். வட்டம் அழகாக மூடிக்கொள்கிறது, அம்மா இருந்தால் தலையாட்டியிருப்பாள். இடையில் பதினோராவது கண்ணிதான் இல்லை. ஒரு பக்கம் மரண ரயில், மறுபக்கம் பிச்சமூர்த்தி. பிச்சமூர்த்தியின் ஊரான கும்பகோணம் வழியாக வரலாம் என்றால் அந்தப் பிடியைத் தீர்த்துவிட்டேன். ரயில்வேயில் முப்பது வருஷம் தேய்ந்தவன் நீ. ரயிலில் ஏறிக் கவிதையில் இறங்குகிற மாதிரி ஒரு புத்தகம் சொல். அட்டையைப் பார்த்துச் சொல்லாதே, முழுசாகப் படித்துவிட்டுச் சொல். கண்ணுக்கு ஆகாது என்றால் மெலிசானதாகப் பார்.

இன்னொன்று. 'காட்டு வாத்து' இங்கே எந்த அலமாரியிலும் இல்லை, இருக்கவும் முடியாது. 1986-ல், நீ முதல் போஸ்டிங்குக்குக் கிளம்பிய அன்றைக்கு, 'வண்டியில் படித்துவிட்டுத் தருகிறேன்' என்று வாங்கிக்கொண்டு போனாய். முதல் பக்கத்தில் பச்சை மையில் என் பெயர் இருக்கும். மருமகளிடம் சொல்லிப் பழைய டிரங்குப் பெட்டியில் தேடச் சொல். தை பிறப்பதற்குள் கூரியரில் அனுப்பிவிடு.

என்றும் உன்
பங்காளி