ராதிச்சோவாவின் அரசைக் கவிழ்த்தது எதிர்க்கட்சி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேராசிரியர்களுக்கு அரசியல் எதற்கு என்ற தொனியில் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். உதாரணத்துக்கு ஸ்லோவாக்கியாவின் முன்னாள் பிரதமர் இவேதா ராதிச்சோவாவை இழுத்திருந்தார்கள். வகுப்பறையிலிருந்து நேராகப் பிரதமர் நாற்காலிக்கு வந்தாராம், கூட்டணியைக் கட்டி மேய்க்கத் தெரியவில்லையாம், எதிர்க்கட்சி கவிழ்த்துவிட்டதாம், அதனால் திரும்பிப் போய்விட்டாராம். திரும்பிப் போனது மட்டும்தான் சரி.

நேராக ஒன்றும் வரவில்லை. 1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்ததும் ஸ்லோவாக்கியாவில் முன்னால் நின்ற 'வன்முறைக்கு எதிரான மக்கள்' இயக்கத்துக்கு அவர் செய்தித் தொடர்பாளராக இருந்தார். அப்புறம் பிராட்டிஸ்லாவாவில் சமூகக் கொள்கை ஆய்வு மையம் ஒன்றை நடத்தினார், கொமேனியஸ் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தார், 2005-ல் பேராசிரியர் ஆனார், அதே ஆண்டு அக்டோபரில் தொழிலாளர், சமூக நலத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றார். பல வருஷம் ஆராய்ச்சி செய்த விஷயமே இலாகாவாகக் கைக்கு வந்தது, இது எத்தனை அமைச்சருக்குக் கிடைக்கும்! 2006-ல் நாடாளுமன்ற உறுப்பினர். 2009 அதிபர் தேர்தலில் பதவியிலிருந்த இவான் கஷ்பரோவிச்சை எதிர்த்து நின்று, இரண்டாம் சுற்றில் 44 சதவீதத்துக்கு மேல் வாங்கித் தோற்றார்.

அந்தத் தோல்வி நடந்த சில வாரங்களிலேயே இன்னொன்று நடந்தது, கட்டுரையில் அதைப் பற்றி மூச்சே இல்லை. ஒரு வாக்கெடுப்பின்போது அவையில் இல்லாத தன் கட்சி உறுப்பினருக்குப் பதிலாக அவருடைய பொத்தானை ராதிச்சோவா அழுத்திவிட்டார். தெளிவான விதிமீறல். விஷயம் வெளியே வந்ததும் உறுப்பினர் பதவியையே ராஜினாமா செய்தார். அதிபர் தேர்தலில் அவ்வளவு வாக்கு வாங்கியவர், ஒரு மன்னிப்போடு சமாளித்திருக்கலாம்தானே? இதோடு இவர் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் அவரே பிரதமர், அந்த நாட்டின் முதல் பெண் பிரதமர்.

அதுவும் யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததல்ல. அவருடைய கட்சியின் தலைவர் மிகுலாஷ் ஜுரிந்தா கட்சி நிதி சர்ச்சையில் சிக்கி வேட்பாளர் பட்டியலிலிருந்து விலகினார். பட்டியலுக்கு யார் தலைமை என்று உள்கட்சித் தேர்தல் வைத்தார்கள், முன்னாள் நிதியமைச்சர் இவான் மிக்லோஷைத் தோற்கடித்து ராதிச்சோவா முன்னுக்கு வந்தார். 2010 தேர்தலில் ராபர்ட் ஃபிட்சோவின் ஸ்மேர் கட்சி 62 இடங்களோடு முதலிடம் பிடித்தும் ஆட்சி அமைக்க முடியவில்லை. நான்கு கட்சிகளைச் சேர்த்து 150-ல் 79 இடங்களோடு இவர் ஆட்சி அமைத்தார். இதில் ஒரு சிக்கல். ஜுரிந்தா கட்சித் தலைவர் பதவியை விடவில்லை, வெளியுறவு அமைச்சராக இவருடைய அமைச்சரவையிலேயே உட்கார்ந்தார். ஆட்சி இவரிடம், கட்சி அவரிடம். இவருடைய பலவீனத்தை எழுதுவதென்றால் இங்கேதான் தேட வேண்டும், படிப்பில் அல்ல.

சரி, கவிழ்ந்த கதைக்கு வருகிறேன். 2011 அக்டோபரில், கடனில் தத்தளிக்கும் யூரோ நாடுகளுக்குக் கைகொடுக்கும் மீட்பு நிதியைப் பெரிதாக்கும் உடன்பாட்டை ஸ்லோவாக்கியா அங்கீகரிக்க வேண்டியிருந்தது. யூரோ பயன்படுத்திய 17 நாடுகளில் இது ஒன்றுதான் பாக்கி. கூட்டணிக்குள்ளேயே இருந்த, 22 இடங்கள் வைத்திருந்த 'சுதந்திரமும் ஒற்றுமையும்' கட்சி முடியாது என்றது. அதன் தலைவர் ரிச்சர்ட் சுலிக்தான் அப்போது நாடாளுமன்றத் தலைவரும்கூட. பணக்கார நாடுகளின் கடனை ஏழை ஸ்லோவாக்கியர்கள் ஏன் கட்ட வேண்டும் என்பது அவர் வாதம். சும்மா சொல்லக்கூடாது, அதில் நியாயம் இல்லாமல் இல்லை, முந்தைய வருஷம் ஆகஸ்டில் கிரீஸுக்குக் கடன் தர மறுத்ததும் இதே ராதிச்சோவா அரசுதான்! ஆனால் இந்த முறை, மறுத்தால் நாடு ஐரோப்பாவில் தனித்து நிற்கும் என்று சொல்லி, வாக்கெடுப்பை நம்பிக்கை வாக்கெடுப்போடு முடிச்சுப் போட்டார். அக்டோபர் 11 அன்று ஆதரவாக விழுந்தது 55 வாக்குகள், தேவை 76. எதிர்க்கட்சியான ஸ்மேரின் உறுப்பினர்கள் ஆதரிக்கவில்லைதான், ஆனால் சொந்தக் கூட்டணிக் கட்சி கூட நின்றிருந்தால் அரசு பிழைத்திருக்கும். இரண்டு நாள் கழித்து, முன்கூட்டியே தேர்தல் நடத்த ஒப்புக்கொண்டதும், அதே ஸ்மேரின் ஆதரவோடு 114 வாக்குகளில் உடன்பாடு நிறைவேறியது. பதவி போகலாம் என்று தெரிந்தே வைத்த பந்தயம் இது. அந்த முடிச்சைப் போட்டது தப்பு என்று ஒருவர் வாதாடலாம், எனக்கே அப்படித்தான் படுகிறது, ஆனால் கூட்டணி நடத்தத் தெரியாத வாத்தியாரம்மா என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

அதைவிட வருத்தம், ஆட்சியில் அவர் செய்ததில் ஒன்றைக்கூடக் கட்டுரை சொல்லவில்லை. 2011 ஜனவரி 1 முதல் அங்கே அரசும் உள்ளாட்சிகளும் போடுகிற ஒப்பந்தங்கள் இணையத்தில் வெளியானால்தான் நடைமுறைக்கு வரும். மூன்று மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் அப்படியொரு ஒப்பந்தமே போடப்படவில்லை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். தகவல் கேட்டு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை, எந்த அலுவலகம் யாரிடம் எந்த விலைக்கு என்ன வாங்கியது என்று பத்திரிகையாளரும் பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்கலாம். சட்டத்தின் பல்லே அந்த மூன்று மாத விதிதான்: மறைக்கப் பார்த்தால் ஒப்பந்தம் வாங்கிய கம்பெனிக்கே நஷ்டம், அதனால் வெளியிடச் சொல்லி அந்தக் கம்பெனியே நெருக்கும்.

2012 மார்ச்சில் தேர்தல் வந்தது. அதற்குள், முன்பு ஜுரிந்தா பிரதமராக இருந்த காலத்து ஊழல் புகார்களைச் சொல்லும், கொரில்லா என்று பெயர் பெற்ற கோப்பு கசிந்து மக்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள், ஃபிட்சோ 83 இடங்களோடு தனியாகவே ஆட்சியைப் பிடித்தார், ராதிச்சோவாவின் கட்சி 11 இடங்களுக்குச் சுருங்கியது. அவர் அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை, பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிட்டார்.

எதிர்க்கட்சி கவிழ்த்தது என்ற வரிக்காவது ஒரு திருத்தம் போடுங்கள். இடம் இருந்தால் அந்த ஒப்பந்தச் சட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையும் கேட்டு வாங்கிப் போடுங்கள், எழுதுபவர் பேராசிரியராக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்